அம்மா வாங்கிய தெற்கு வாசல் வீடு

உறவினர்களே, நண்பர்களே, நீங்கள் இப்போது உட்கார்ந்திருப்பது அம்மாவின் வீட்டில். பாலிகஞ்சில் லோக்கல் ரயில் ஏறி, பாருய்ப்பூரில் இறங்கி, டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷாவில் குலுங்கிக் குலுங்கி வந்திருப்பீர்கள். முதலில் ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுங்கள். மரம் நம்முடையதுதான். பிறகு படியுங்கள்.

அம்மா மறைந்து ஒரு வருடம் ஆகிறது. நினைவு மலர் என்றால் கண்ணீரோடு எழுத வேண்டும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். மாதிரிக்கு நாலைந்து மலர்களையும் எடுத்துக் காட்டினார்கள். எனக்கு அப்படி வரவில்லை. அம்மாவின் கடைசி வருடத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. ஆனால் அது திருவிழாவுக்குக் கிளம்பும்போது வரும் படபடப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எழுதும் வேலை என்னுடையது என்று எல்லோரும் சேர்ந்து ஒப்படைத்துவிட்டீர்கள். அப்படியானால் எப்படி எழுதுவது என்பதையும் நானே முடிவு செய்துகொள்கிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அம்மாவின் ஒரே தம்பி என் மாமா. ஊரில் கொத்தனார். அம்மாவின் காரியம் முடிந்த அன்றே ரயில் ஏறியவர், இதை நான் எழுதத் தொடங்கும் நாள்வரை இந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. "தெக்கு வாசலத் தொறந்து வச்சி எங்கக்காவ நானே எமனுக்குக் காட்டிக் குடுத்துட்டேன்" என்று போகிற இடமெல்லாம் சொல்லி அழுகிறாராம். உறவினர் சிலரும் என்னிடம், வருட நினைவுக்கு முன்னால் அந்த வாசலை அடைத்துவிடு என்றார்கள். யார் யார் என்று எழுதமாட்டேன். அன்பினால் சொன்னதுதான். ஆனால் வாசலை நான் அடைக்கவில்லை. மாமாவின் நெஞ்சில் இருக்கும் பாரத்தை இறக்க வேண்டும் என்றால், நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும்.

அம்மா பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். ஏழு வயதில் ஆட்டுக்குப் பின்னால் போனவர், கல்யாணம்வரை போய்க்கொண்டே இருந்தார். அப்பா லேக் மார்க்கெட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் வேலையில் இருந்தார். கல்யாணம் முடிந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்து இறங்கிய அம்மா, ஹவுரா பாலத்தை அண்ணாந்து பார்த்து, "யப்பா, எம்மாம் பெரிய வீடு! சுவர் வைக்காமப் போட்டுட்டாவளே" என்றாராம். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சொந்தமாக ஒரு சுவர் வைக்க அம்மாவுக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை பவானிபூரில் ஏழு வாடகை அறைகள். ஒவ்வொரு அறையிலும் வீட்டுக்காரருக்குப் பிடிக்காதது ஒன்று இருக்கும். ஒருவருக்கு மீன் வாசனை ஆகாது, ஒருவருக்கு எங்கள் மீன் குழம்பின் வாசனை மட்டும் ஆகாது. எனக்கு ஒன்பது வயதாகும்போது, நான்காவது அறையில் அப்பா நெஞ்சுவலியில் காலமானார். அந்த அறையின் கதவு தெற்கே பார்த்தது. அன்றைக்கு ஊரிலிருந்து வந்த மாமா அதைக் கவனித்தார். மறக்கவே இல்லை.

அப்பா போன மாதமே அம்மா வாழையிலை வியாபாரத்தில் இறங்கினார். விடியும்முன் லோக்கல் ரயில் பிடித்து இங்கே வருவார். மண்டல் குடும்பத்தின் தோட்டத்தில் இலை அறுத்து, நுனியைத் தனியாக, நடுத்துண்டைத் தனியாக அடுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி, எட்டு மணிக்கெல்லாம் லேக் மார்க்கெட்டில் இறக்கிவிடுவார். இந்த இருபது வருடத்தில் லேக் கார்டன்ஸ் பக்கம் நடந்த கல்யாணம், காதுகுத்து எதிலாவது நீங்கள் சாப்பிட்டிருந்தால், அம்மாவின் இலையில்தான் சாப்பிட்டிருப்பீர்கள். அந்த இலைதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் அனுப்பி, ஒரு வங்கியில் மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தது.

தோட்டத்தின் நடுவில் இருந்தது இந்த வீடு. மூன்று தலைமுறை மண்டல் குடும்பம் விவசாயம் செய்த வீடு. கடைசியாக அதில் தனியாக இருந்தவரை அம்மா பௌதி என்று கூப்பிடுவார். வங்காளத்தில் அண்ணி என்று பொருள். பௌதியின் மகன்கள் வெளியூரில் குடியேறிவிட்டார்கள். வீட்டை இடித்து மனை போட ஆட்கள் தயாராக நின்றார்கள். பௌதி அம்மாவைக் கூப்பிட்டு, "நீ வாங்கிக்கொள்கிறாயா? நீ வாங்கினால் வீடு நிற்கும்" என்று கேட்டார்.

அம்மா ஒரு மாதம் இழுத்தடித்தார். கூரை ஒழுகுகிறது என்றார், அடுக்களையில் பாம்பு இருக்கிறது என்றார். பிறகு ஒரு நாள் திடீரென்று, "வாங்குவோம்" என்றார். ஏன் திடீரென்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பத்திரப்பதிவு அன்று அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பத்திரம் வங்காளத்தில் இருந்தது. அம்மாவுக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. நான் வாங்கி உரக்க வாசித்தேன். பத்திரம் எழுதியவருக்கு அவசரம். ஆனால் அம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், "கிழக்கே குளம்" என்ற இடத்தில் நிறுத்தினார்.

"ஏட்டி, குளத்துல பாதி நமக்குன்னு வாசிக்கலையே?"

"அப்படி எழுதலம்மா."

"அப்ப எழுதச் சொல்லு. பாதிக் குளம் நமக்கு. பௌதி, சொல்லுங்க!"

பௌதியும் ஆமாம் என்றார். விட்டுப்போயிருந்தது உண்மைதான். திருத்தி எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு பத்து விரல் ரேகையும் வைக்க வேண்டும் என்றார்கள். அங்கே விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அதுதான் முறை. எங்கள் இரண்டு பேர் பெயரிலும் பத்திரம் என்பதால் நானும் வைத்தேன். மை பூசிய கைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு அம்மா அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

"படிக்காத எனக்கும் பத்து விரல், படிச்ச உனக்கும் பத்து விரல். உன்ன எதுக்குட்டி காலேஜுக்கு அனுப்புனேன்?"

நான் அந்தக் குளத்தை நினைத்துக்கொண்டேன். படித்தவள் பார்க்காததைக் காதால் கண்டுபிடித்தவர் அவர். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையில் பாலிகஞ்ச் வரை ரயிலில் உட்காரவே முடியவில்லை.

பிறகு மாமா வந்தார். தன் சொந்தக் கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். இங்கே உள்ளூர் மேஸ்திரி நிமாய்தா. தா என்றால் அண்ணன். மாமாவுக்கு வங்காளம் தெரியாது, நிமாய்தாவுக்குத் தமிழ் தெரியாது. நாள் முழுக்க இருவரும் அவரவர் மொழியில் சண்டை போடுவார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் போனதே இல்லை. நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தால் இருவரும் சேர்ந்து என்னை அதட்டுவார்கள்.

அந்த மூன்று மாதங்களை எப்படி எழுதுவது! சனி ஞாயிறு வந்தால் நான் இங்கே ஓடி வந்துவிடுவேன். கூரையைத் தாங்கும் உத்தரங்களை நிமாய்தா சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். கணீர் என்றால் நல்ல மரம், பொத் என்றால் கரையான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்போம். பதினொன்றில் எட்டு கணீர் என்றன. எட்டாவதற்கு அம்மா கைதட்டினார். அடுக்களையில் பாம்பு இல்லை, ஒரு கீரிப்பிள்ளைக் குடும்பம் இருந்தது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டச் சுரண்ட உள்ளே செங்கல் சிவப்பாகப் புதிதுபோல வந்தது. ஒவ்வொரு வாரமும் வீடு வேறு முகத்தோடு என்னைப் பார்த்தது.

வந்த முதல் வாரமே மாமா ஒன்று சொல்லிவிட்டார்.

"யக்கா, தெக்குப் பாத்த வாசல்ல நீ பால் காய்ச்ச நான் விடமாட்டேன். அத அடைச்சிட்டுக் கிழக்கால வாசல் வச்சித்தாரேன்."

இங்கே வங்காளிகள் தெற்கு திறந்த வீட்டைத்தான் தேடித் தேடி வாங்குவார்கள். கோடையில் காற்று அங்கிருந்துதான் வரும். நமக்கோ தெற்கு என்றால் எமனின் திசை. அம்மா மறுத்துப் பேசவில்லை. அத்தனை தூரம் வந்த தம்பி மனம் கோணக்கூடாது என்று நினைத்திருப்பார். நிமாய்தா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமா தெற்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். கிழக்குச் சுவரை உடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்துப் புது நிலை நிறுத்தினார். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் ஒரு நூல் பிசகவில்லை. வாசலுக்கு எதிரே பத்தடியில் குளம் மட்டும் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் நீந்தித்தான் வர வேண்டும் என்று நிமாய்தா வங்காளத்தில் சொன்னார். மாமா தமிழில் பதில் சொன்னார். அதை அச்சில் போட முடியாது.

சித்திரை பிறந்தது. பூசிய சுவர் காயவில்லை. கூடத்துச் சுவர் வியர்த்து வியர்த்து, ஒரு நாள் சாந்து போர்வைபோல மொத்தமாகக் கழன்று விழுந்தது. சாந்து சரியில்லை என்றார் மாமா. மறுபடி பூசினார். மறுபடி விழுந்தது.

அம்மா ஒரு வேலை செய்தார். விடியற்காலை அறுத்த இலையில் நாலு கட்டுகளை மார்க்கெட்டுக்கு அனுப்பாமல் கூடத்தில் அடுக்கி வைத்தார். மறுநாள் கல்யாணங்களுக்கான இலையை மண்டல் வீட்டில் எப்போதும் அந்தக் கூடத்தில்தான் அடுக்குவார்கள். பதினோரு மணிக்கு ஒரு கட்டைப் பிரித்தார். உள்ளிருந்த இலைகள் நரம்போரம் மஞ்சள் பூத்திருந்தன.

"எலே தம்பி, இங்கன வா. இதத் தொட்டுப் பாரு."

"சுடுது."

"எதுக்குச் சுடுது?"

"சித்திரை வெயிலு சுடாம என்ன செய்யும்?"

"இருபது வருசமா இதே சித்திரையில, இதே கூடத்துல அடுக்கியிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் பச்சையா கெடக்கும். அப்பல்லாம் வெயிலு லீவா?"

மாமா இன்னொரு கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"இலைக்குச் சாத்திரம் தெரியாதுலே. காத்துதான் தெரியும். நீ அடைச்சது வாசல இல்ல, காத்த."

"யக்கா, அத்தானப் பறிகொடுத்தது தெக்கு வாசல்லதான். நீ மறந்துட்டியோ?"

"உங்க அத்தானுக்கு நெஞ்சுல வலி. வாசலுக்கு என்ன வலி? அதத் தொறந்து விடு."

"நான் தொறக்கமாட்டேன். வேணும்னா உன் நிமாயத் தொறக்கச் சொல்லு."

"நீ அடைச்சத நீதான் தொறக்கணும். என் வாசல்ல இன்னொருத்தன் கடப்பாரை படக்கூடாது. எனக்கு ஒரே தம்பி."

மாமா மூன்று நாள் லிச்சி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே. அம்மா மூன்று நாளும் சோற்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். நிமாய்தா மட்டும் பொரி கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தின்பார். நான்காம் நாள் காலை மாமா குளித்து, விபூதி பூசி, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, அடைத்த சுவரில் கடப்பாரையை வைத்தார். கடைசிச் செங்கல் வரிசை விழுந்ததும் ஒரு காற்று வந்தது பாருங்கள்! கூடத்தில் கிடந்த மஞ்சள் இலை, சுண்ணாம்புத் தூசி, மாமாவின் துண்டு எல்லாம் சேர்ந்து எழுந்து பறந்தன. நிமாய்தா குதித்துக்கொண்டே, "எஷே கெச்சே! எஷே கெச்சே!" என்று கத்தினார். வந்துவிட்டது, வந்துவிட்டது என்று பொருள். மாமா தூசி படிந்த கண்ணோடு அம்மாவைப் பார்த்தார். அம்மா இரண்டு கைகளையும் விரித்து அந்தக் காற்றில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வாரமே சுவர் காய்ந்தது. கிழக்கு வாசல், குளத்துக்குப் பாத்திரம் கழுவப் போகும் வழியாயிற்று. தெற்குக்கு மாமா தன் கையாலேயே தேர்ந்தெடுத்த மரத்தில் புது நிலை செய்து நிறுத்தினார்.

வைகாசியில் பால் காய்ச்சினோம். பௌதி மகன் வீட்டிலிருந்து வந்து, அரிசி மாவைக் கரைத்து லட்சுமியின் பாதங்களை வரைந்தார். பக்கத்தில் நான் கோலம் போட்டேன். பால் எந்தப் பக்கம் பொங்கி வழியும் என்று மாமா அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். தெற்கே வழிந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். பால் நாலு பக்கமும் ஒரே நேரத்தில் வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. அம்மா பானையைக் கழுத்துவரை நிரப்பியிருந்தார்.

"எந்தப் பக்கம்னு ஒரு பய கேக்க முடியாதுல்லா, அதுக்குத்தான்" என்று என் காதில் சொன்னார்.

இந்த வீட்டில் அம்மா ஐந்து மாதம் வாழ்ந்தார். ஐப்பசியில், இந்தக் கூடத்தில்தான், ஒரு காலை நேரத்தில் அமைதியாகக் கண்மூடினார். திடீரென்று போய்விட்டார் என்றுதான் வந்தவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இப்போது நான் விட்டுவிட்டு வந்ததைச் சொல்கிறேன். மாமா, இது உங்களுக்கு.

வீட்டை வாங்குவோம் என்று அம்மா திடீரென்று சொன்னது ஒரு கார்த்திகை மாத மாலை. அன்றைக்கு நாங்கள் இருவரும் மருத்துவமனைக்குப் போயிருந்தோம். வயிற்றுவலி என்று எடுத்த பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. பவானிபூர் பஸ் நிறுத்தத்தில் அம்மா கேட்டார்.

"ஏட்டி, அந்தத் தாள்ல என்ன போட்டிருக்கு? நீ படிச்ச பிள்ள. மறைக்காம வாசி."

நான் வாசித்தேன். வயிற்றில் கட்டி, முற்றிய நிலை. டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதையும் சொன்னேன். ஒரு வருடம், கூடிப்போனால் ஒன்றரை. நான் படித்ததற்காக வருத்தப்பட்டது அந்த ஒரு நாள்தான். எங்கள் பஸ் வந்தது, போயிற்று. இன்னொன்றும் வந்தது, போயிற்று. மூன்றாவது பஸ்ஸில் ஏறும்போது அம்மா சொன்னார்:

"அப்ப பௌதி வீட்ட நாமளே வாங்கிக்கிடுவோம்."

"அம்மா, இப்போ வைத்தியத்தைப் பாக்காம..."

"வைத்தியம் அதுபாட்டுக்கு நடக்கட்டும். வீடு இதுபாட்டுக்கு நடக்கட்டும். ஒண்ணுக்காக ஒண்ணு எதுக்கு நிக்கணும்? ஆனா ஒண்ணு. வீட்டு வேலை முடியுத வரைக்கும் நீ வாயத் தொறக்கக்கூடாது. மாமாட்ட மூச்சுக் காட்டக்கூடாது. சொன்னா எல்லாரும் வந்து உக்காந்து அழுவாவ. வேலை ஓடாது."

மாமா, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நாங்கள் மார்க்கெட்டுக்குப் போகிறோம் என்று கிளம்பினோமே, அது அந்த மருத்துவமனைக்கு. கையில் ஊசித் தடத்தைப் பார்த்து நீங்கள் கேட்டபோது, சர்க்கரைக்கு ஊசி என்று அம்மா உங்களிடம் சொன்னது இந்த நோய்க்கான ஊசி. நீங்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு ஊரில் ரயில் ஏறும் முன்பே அம்மாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது, தேதியோடு இருக்கிறது. தெற்கு வாசல் அம்மாவிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. கடைசிக் கோடையில் மூச்சு முட்டிய நாட்களில் அம்மா கட்டிலை அந்த வாசலுக்கு நேராகப் போடச் சொல்லித் தூங்கியதை நான் பார்த்தேன். டாக்டர் சொன்ன வருடத்தை அம்மா ஒரு சொந்த வீட்டில் முடித்தார் என்றால், அது உங்கள் கைவேலை.

போன மாதம் நிமாய்தா குளியலறைக்குக் கடைசிக் கல் பதித்தார். வீட்டு வேலை முடிந்தது. ஆகவே நான் வாயைத் திறந்துவிட்டேன்.

அம்மாவுக்கு ஊசி போட்ட கைகளுக்கும், வீட்டை இடிக்கக் கொடுக்காத பௌதிக்கும், சம்பளம் வாங்கிய நாளிலும் வாங்காத நாளிலும் ஒரே மாதிரி உழைத்த நிமாய்தாவுக்கும், இலைக்கட்டைத் தூக்கிவிட்ட லோக்கல் ரயில் அக்காமார்களுக்கும், லேக் மார்க்கெட் கடைக்காரர்களுக்கும், அம்மாவைத் தோளில் சுமந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த வீட்டில் உங்கள் எல்லோருக்கும் எப்போதும் ஓர் இலை உண்டு.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன், மாமாவுக்குத் தொலைபேசியில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் மாமா கேட்டார்.

"சர்க்கரை ஊசின்னுல்லாட்டி சொன்னா?"

"ஆமா மாமா."

"களவாணி. எங்கக்கா பெரிய களவாணிட்டி."

அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"ஏட்டி, அந்தத் தெக்கு நிலைக்கு எண்ணெய் குடுத்தியா?"

"இல்ல மாமா."

"ரெண்டு மழைக்காலம் தாண்டிட்டு! மரம் வெடிச்சிரும்லா? நிமாயக் கைய வைக்க விடாத. நான் வந்து குடுக்கேன்."

வருவது மட்டுமில்லை. அந்த வாசலில் நின்று உங்களை வரவேற்று, இந்த மலரைக் கொடுப்பதும் தன் வேலைதான் என்று சொல்லிவிட்டார். அட்டையில் எண்ணெய்க் கை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள்
செல்வி